கோட்டுக்கு மேலே வேதம், கோட்டுக்குக் கீழே விளக்கம்

கேள்வி: ஏற்காட்டில் எங்கள் சிறு சபையின் வாலிபர் வேதபாட வகுப்பை நடத்திவருகிறேன். கையில் இரண்டு விளக்கவுரை வேதாகமங்கள் உள்ளன. ஒன்று சேலத்தில் நடந்த கன்வென்ஷன் கூட்டத்தில் வாங்கிய தமிழ்ப் புத்தகம். மற்றது பரிசாக வந்த ஆங்கிலப் புத்தகம். எபிரெயர் 6-ஆம் அதிகாரம் நடத்தியபோது இரண்டும் நேர் எதிராகச் சொல்லின. "இதுல எது அக்கா வேதம்?" என்று ஒரு பையன் கேட்டுவிட்டான், எனக்குப் பதில் வரவில்லை. வகுப்புக்கு வரும் ஒரு பெண் கத்தோலிக்கக் குடும்பத்தைச் சேர்ந்தவள், திருவிவிலியம் கொண்டுவருகிறாள். சபை நூலகத்துக்குப் புத்தகம் வாங்க ஐயாயிரம் ரூபாய் ஒதுக்கியிருக்கிறார்கள். எதைப் பார்த்து வாங்குவது? வாங்கியவையும் மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்துவிடுகின்றன. அதற்கும் வழி சொல்லுங்கள். - ஏற்காடு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு, ஸ்தோத்திரம்.

அந்தப் பையன் கேட்டது சரியான கேள்வி. இரண்டு குறிப்புகளுமே வேதம் அல்ல என்பதுதான் அதற்குப் பதில். பக்கத்தின் நடுவே ஒரு கோடு ஓடுகிறது அல்லவா, அதற்கு மேலே இருப்பது வேதம். கீழே இருப்பது அதைப் படித்த சிலர் எழுதிய விளக்கம். சொல்லும்போது எளிதாக இருக்கிறது. ஆனால் ஒரே தாள், ஒரே மை, ஒரே கறுப்பு அட்டை, ஓரத்தில் ஒரே தங்கப் பூச்சு. ஆறு மாதம் புழங்கினால், தான் படித்தது கோட்டுக்கு மேலேயா கீழேயா என்பது வாசிக்கிறவருக்கே மறந்துபோகும். விளக்கவுரை வேதாகமத்தின் பெரிய பயனும் பெரிய ஆபத்தும் இந்த ஒன்றில்தான் இருக்கின்றன.

இது இன்று தொடங்கிய சிக்கல் அல்ல. 1560-ல் வெளிவந்த ஆங்கில ஜெனீவா வேதாகமத்தின் ஓரக்குறிப்புகள் மன்னர் ஜேம்ஸுக்குப் பிடிக்கவில்லை. அதனால்தான் 1611 மொழிபெயர்ப்பாளர்களுக்கு, எபிரெய, கிரேக்கச் சொற்களை விளக்கத் தேவையானது தவிர வேறு ஓரக்குறிப்பு கூடாது என்று விதி போட்டார்கள். 1804-ல் லண்டனில் தொடங்கிய வேதாகமச் சங்கமும், குறிப்போ விளக்கமோ இல்லாமல் வேதத்தை மட்டும் அச்சிடுவது என்ற விதியோடு பிறந்ததுதான். பிறகு 1909-ல் ஸ்கோஃபீல்டு தமது குறிப்புகளோடு ஒரு வேதாகமத்தை வெளியிட்டார். ஜான் நெல்சன் டார்பி வழிவந்த யுகப் பிரிவுப் போதனை, அதாவது தேவன் மனிதரோடு நடந்துகொள்ளும் வரலாற்றைத் தனித்தனி யுகங்களாகப் பிரிக்கும் போதனை, அந்தக் குறிப்புகள் மூலமாகத்தான் உலகெங்கும் பல சபைகளுக்குள் போனது. ஏழு யுகங்கள் என்ற அமைப்பு வேதத்திலேயே எழுதியிருக்கிறது என்று நம்புகிறவர்கள் இன்றும் உண்டு. அது இருந்தது கோட்டுக்குக் கீழே.

கோட்டுக்கு மேலேயும் சில விஷயங்கள் பிற்காலத்தில் சேர்ந்தவை. இதை உங்கள் வகுப்பில் ஒருநாள் தனியாகவே சொல்லிக்கொடுங்கள். அதிகாரப் பிரிப்பு 13-ஆம் நூற்றாண்டில் ஸ்டீபன் லாங்டன் செய்தது. புதிய ஏற்பாட்டில் இன்று நாம் பயன்படுத்தும் வசன எண்களைப் போட்டவர் 1551-ல் ராபர்ட் எஸ்தியேன் என்ற அச்சகத்தார். உபதலைப்புகள் பதிப்பாளர் போட்டவை. இயேசுவின் வார்த்தைகளைச் சிவப்பில் அச்சிடும் வழக்கம் 1899-ல்தான் வந்தது. யோவான் 3-ல் ஆண்டவர் நிக்கொதேமுவிடம் பேசியது எந்த வசனத்தோடு முடிகிறது, யோவான் எழுதுவது எங்கே தொடங்குகிறது என்பதில் அறிஞர்கள் ஒருமித்த கருத்தில் இல்லை. சிவப்பு மையோ அதை முடிவுசெய்தே அச்சிட்டுவிடுகிறது. பழைய ஆங்கில வேதாகமங்களில் ஆதியாகமம் முதல் பக்க ஓரத்தில் கி.மு. 4004 என்று இருக்கும். அது 1650-ல் பேராயர் அஷ்ஷர் போட்ட கணக்கு.

இனி உங்கள் எபிரெயர் 6:4-6. "ஒருதரம் பிரகாசிப்பிக்கப்பட்டும், பரமஈவை ருசிபார்த்தும்" பிறகு மறுதலித்துப்போனவர்களை மறுபடியும் புதுப்பிப்பது கூடாத காரியம் என்கிறது வேதம். இவர்கள் யார்? உண்மையாக இரட்சிக்கப்பட்டவர்களே விழக்கூடும் என்பது வெஸ்லி வழியினரும் பெந்தெகொஸ்தே சபையார் பலரும் சொல்வது. சபைக்குள் இருந்தார்கள், ருசிபார்த்தார்கள், ஆனால் மறுபிறப்பு அடையவில்லை என்பது கால்வின் வழியினர் பெரும்பாலும் சொல்வது. அப்படி நடந்தால் என்னவாகும் என்ற எச்சரிக்கை மட்டுமே இது என்பவர்கள் மூன்றாவது. உங்கள் இரண்டு புத்தகங்களும் முதல் இரண்டு கருத்துகளில் ஆளுக்கொன்றாக நிற்கின்றன என்று நினைக்கிறேன். பக்கம் சாய்வது குற்றமல்ல. சாயாத விளக்கவுரை என்று ஒன்று கிடையாது. பார்க்க வேண்டியது வேறு இரண்டு. குறிப்பு 6-ஆம் வசனத்தோடு நின்றுவிடுகிறதா, அல்லது 7, 8-ல் வரும் மழைநீரைக் குடிக்கும் நிலத்தையும் 9-ல் "இரட்சிப்புக்குரியவைகளுமான காரியங்கள் உங்களிடத்தில்" உண்டென்று நம்புவதாக எழுதுவதையும் கணக்கில் எடுக்கிறதா? இன்னொன்று, வேறுவிதமாகப் படிக்கும் கிறிஸ்தவர்களும் இருக்கிறார்கள் என்று ஒரு வரியாவது சொல்கிறதா? இரண்டும் இருந்தால் அந்தக் குறிப்பு எந்தச் சபையாருடையதாக இருந்தாலும் படிக்கத் தகுந்தது. இரண்டும் இல்லையென்றால், உங்கள் சபைக் கொள்கைக்கே ஒத்துப்போனாலும் அது மோசமான குறிப்புதான்.

வகுப்பில் செய்ய வேண்டியது இதுதான். முதலில் எபிரெயர் 5:11 முதல் 6:12 வரை குறிப்பைப் பார்க்காமல் இரண்டு முறை வாசிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொருவரும் தங்கள் சந்தேகத்தை எழுதட்டும். அதற்குப் பிறகு இரண்டு புத்தகங்களின் குறிப்பையும் சத்தமாக வாசித்து, எந்தச் சந்தேகத்துக்கு எது பதில் சொல்கிறது, எதைத் தொடாமல் விடுகிறது என்று குறிக்கச் சொல்லுங்கள். எதிரெதிரான இரண்டு புத்தகங்கள் உங்கள் கையில் இருப்பது இந்தப் பயிற்சிக்கு நல்லதே.

புதிதாக வாங்கும்போது ஆன்லைன் படத்தைப் பார்த்து வாங்க வேண்டாம். எப்படியும் சேலம் இறங்குவீர்கள். கடையில் கால் மணி நேரம் நின்று புரட்டிப் பாருங்கள். முன்னுரையை முதலில் படியுங்கள். குறிப்புகளை எழுதியவர்கள் யார், எந்தச் சபை மரபினர், எந்த மொழியில் எந்த ஆண்டு எழுதியது, தமிழாக்கியவர் யார் என்பது அங்கே இருக்க வேண்டும். எழுதியவர் பெயரே இல்லாமல் "மூலமொழி ஆராய்ச்சி அறிஞர்கள்" என்று மட்டும் இருந்தால் வாங்காமல் திரும்ப வைத்துவிடலாம். பிறகு ஒரு துண்டுத் தாளில் எழுதிக்கொண்டுபோன இடங்களைத் திறந்து பாருங்கள்: தானியேல் 9:24-27, மாற்கு 16:9-20, ரோமர் 8:1, 1 யோவான் 5:7, 3 யோவான் 2, வெளிப்படுத்தின விசேஷம் 20:1-6.

இவற்றில் ரோமர் 8:1-ஐ விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் தமிழ் விளக்கவுரை வேதாகமங்களுக்கே உரிய குறை அங்கேதான் பளிச்சென்று தெரியும். நம் கையிலுள்ள பழைய மொழிபெயர்ப்பு ஹென்றி பவர் குழுவினர் செய்து 1871-ல் வந்தது. அதில், "கிறிஸ்து இயேசுவுக்குட்பட்டவர்களாயிருந்து, மாம்சத்தின்படி நடவாமல் ஆவியின்படியே நடக்கிறவர்களுக்கு ஆக்கினைத்தீர்ப்பில்லை" என்று இருக்கிறது. பிந்தைய ஆங்கில மொழிபெயர்ப்புகளில் பெரும்பாலானவற்றில் "மாம்சத்தின்படி நடவாமல்" என்ற பகுதி முதல் வசனத்தில் இருக்காது. 4-ஆம் வசனத்தில் மட்டும் வரும். அவை இன்னும் பழைய கையெழுத்துப் பிரதிகளைப் பின்பற்றுகின்றன. இப்போது ஆங்கிலத்தில் அந்தக் குறுகிய வசனத்துக்கு எழுதிய குறிப்பைத் தமிழாக்கி, பவர் மொழிபெயர்ப்பின் கீழே அச்சிட்டால் என்ன ஆகும்? "எந்த நிபந்தனையும் இல்லாமல் ஆக்கினைத்தீர்ப்பு நீங்கிவிட்டது" என்று குறிப்பு சொல்லும். மேலே வசனத்தில் நிபந்தனை போலவே ஒன்று நிற்கும். வாசிக்கிறவர் தனக்குத்தான் புரியவில்லை என்று நினைத்துக்கொள்வார். கவனமான பதிப்பாளர் அந்த இடத்தில் ஒரு வரி சேர்த்திருப்பார்: சில பழைய பிரதிகளில் இந்தப் பகுதி இல்லை என்று. அந்த ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், தமிழாக்கியவர் தமிழ் வசனத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தே வேலை செய்திருக்கிறார் என்று நம்பலாம்.

மாற்கு 16:9-20-ம் 1 யோவான் 5:7-ம் நேர்மையைச் சோதிக்கும் இடங்கள். 4-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சீனாய் பிரதி, வத்திக்கான் பிரதி இரண்டிலும் மாற்கு 16:8-ஓடு சுவிசேஷம் முடிகிறது. "பரலோகத்திலே சாட்சியிடுகிறவர்கள் மூவர்" என்ற 1 யோவான் 5:7 பழைய கிரேக்கப் பிரதிகள் எதிலும் இல்லை. கிரேக்கப் புதிய ஏற்பாட்டை அச்சில் கொண்டுவந்த அறிஞர் எராஸ்மஸ் தமது 1516, 1519 பதிப்புகளில் அதை விட்டுவிட்டு 1522-ல்தான் சேர்த்தார். இதைச் சொன்னால் விசுவாசம் அசைந்துவிடும் என்று பயந்து மறைக்கிற புத்தகம் வேறு எதையெல்லாம் மறைக்கும் என்று யோசியுங்கள். திரித்துவ உபதேசம் அந்த ஒரு வசனத்தின்மேல் நிற்கவில்லை. மத்தேயு 28:19-ம் 2 கொரிந்தியர் 13:14-ம் அப்படியே இருக்கின்றன. வாலிபர்கள் இதை முதன்முதலில் யூடியூபில் ஒரு எதிராளி வாயிலிருந்து கேட்பதைவிட உங்களிடமிருந்து கேட்பது நல்லது.

தானியேல் 9-லும் வெளிப்படுத்தின விசேஷம் 20-லும் சாய்வு தெரியும். எழுபது வாரத்தில் கடைசி வாரத்தைத் தனியே பிரித்து எதிர்காலத்துக்குத் தள்ளுகிறதா, ஆயிரம் வருஷத்தை நேரடியாக எடுக்கிறதா, அடையாளமாக எடுக்கிறதா என்று பார்த்து முன்பக்கத்தில் பென்சிலால் குறித்துவையுங்கள். போதும்.

3 யோவான் 2, செழிப்பு உபதேசத்தைக் காட்டிக்கொடுக்கும் இடம். "நீ எல்லாவற்றிலும் வாழ்ந்து சுகமாயிருக்கும்படி வேண்டுகிறேன்" என்பது காயு என்ற ஒருவருக்கு எழுதிய கடிதத்தின் வாழ்த்து. அதைப் பணத்துக்கும் சரீர சுகத்துக்கும் எல்லா விசுவாசிகளுக்கும் தேவன் கொடுத்த வாக்குத்தத்தம் என்று குறிப்பு மாற்றினால் அந்தப் புத்தகத்தை வாங்காதீர்கள். இதில் நான் சலுகை காட்ட மாட்டேன். கடனில் இருக்கிற குடும்பத்தை இன்னும் கடனுக்குள் தள்ளும் போதனை இது.

மற்ற கிறிஸ்தவ நூல்களுக்கும் இதே கண்தான். ஏதாவது ஒரு அதிகாரத்தை எடுத்து அதில் வரும் முதல் பத்து வசனக் குறிப்புகளை எழுதுங்கள். ஒவ்வொன்றையும் முன்னும் பின்னும் ஐந்து வசனத்தோடு வாசியுங்கள். நூலாசிரியர் சொல்லும் கருத்தை எத்தனை வசனங்கள் உண்மையாகத் தாங்குகின்றன? ஏழெட்டு தாங்கினால் நல்ல நூல். நாலைந்துதான் என்றால் வகுப்புக்குக் கொடுக்காதீர்கள். அரை வசனமாக வெட்டியிருக்கிறாரா என்றும் பாருங்கள். மாற்கு 10:30-ல் நூறத்தனையாக வீடுகளும் நிலங்களும் கிடைக்கும் என்று எடுத்துக்காட்டுகிறவர்கள் அதே வசனத்தில் முன்னாலேயே இருக்கும் "துன்பங்களோடேகூட" என்ற சொல்லை விட்டுவிடுவார்கள். எரேமியா 29:11-ஐ எடுத்தவர்கள், அதற்கு முந்தைய வசனத்தில் எழுபது வருஷம் பாபிலோனில் இருக்க வேண்டும் என்று எழுதியிருப்பதைச் சொல்வதில்லை. கேட்டவர்களில் பெரியவர்கள் பலர் ஊர் திரும்பாமலே இறந்திருப்பார்கள். அந்த வாக்குத்தத்தத்தின் கனமே அதில்தான் இருக்கிறது.

சில கதைகளும் நல்ல அளவுகோல். எருசலேமில் ஊசியின் காது என்று ஒரு சிறிய வாசல் இருந்தது, ஒட்டகம் மண்டியிட்டு அதில் நுழையும் என்று எழுதியிருக்கிறதா? அப்படி ஒரு வாசல் அந்தக் காலத்தில் இருந்ததற்கு ஆதாரம் இல்லை. இது பல நூற்றாண்டுகள் கழித்து வந்த விளக்கம். கூடாதது என்று ஆண்டவர் சொன்னதை, கொஞ்சம் குனிந்தால் முடியும் என்று ஆக்கிவிடுகிறது. பிரதான ஆசாரியனின் காலில் கயிறு கட்டி மகா பரிசுத்த ஸ்தலத்துக்கு அனுப்பினார்கள் என்பது வேதத்தில் எங்கும் இல்லை. யோசுவாவின் காணாமற்போன நாளை நாசா கணினி கண்டுபிடித்தது என்பதை நாசாவே மறுத்திருக்கிறது. இவற்றில் ஒன்று இருந்தால் நூலாசிரியர் கேட்டதைச் சரிபார்க்காமல் எழுதுகிறவர் என்று தெரிந்துகொள்ளலாம். ஆண்டவரின் இரண்டாம் வருகைக்குத் தேதி குறிக்கும் நூல்களைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. வில்லியம் மில்லர் வழியினர் 1844 அக்டோபர் 22 என்று காத்திருந்து ஏமாந்தார்கள். அந்த நாளைப் பிதா தவிர ஒருவரும் அறியார் என்ற மாற்கு 13:32 அதற்கு முன்பும் அங்கேயே இருந்தது.

பழைய வியாக்கியானங்கள் காப்புரிமை முடிந்ததால் செயலிகளில் இலவசமாகக் கிடைக்கின்றன. பயன்படுத்துங்கள், ஆனால் வயது தெரிந்து பயன்படுத்துங்கள். ஆங்கில வியாக்கியானம் எழுதிய மேத்யூ ஹென்றி 1714-ல் இறந்தார். ரோமர் முதல் வெளிப்படுத்தின விசேஷம் வரை அவர் பெயரில் இருப்பதை முடித்தவர்கள் வேறு ஊழியர்கள். பக்திக்கு அவர் இன்றும் நல்ல துணை. ஆனால் 1947 வாக்கில் கும்ரான் குகைகளில் கிடைத்த பழைய வேதாகமச் சுருள்களைப் பற்றி அவருக்குத் தெரிய வழியில்லை. மூலமொழிச் சொற்கள் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்து 1890-ல் வந்த ஸ்ட்ராங் எண்களும் அப்படியே: ஒரு சொல் எங்கெங்கே வருகிறது என்று தேட அருமையான கருவி. அதன் இரண்டு வரி அர்த்தப் பட்டியலில் பிடித்ததைப் பொறுக்கி "மூலத்தில் இப்படி இருக்கிறது" என்று பிரசங்கிக்க அது தயாரிக்கப்படவில்லை.

திருவிவிலியம் கொண்டுவரும் அந்தப் பெண் உங்கள் வகுப்புக்கு உதவிதான். அது 1995-ல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு. தமிழ் எளிது, 1 யோவான் 5:7 போன்ற இடங்களில் வேறுபாடு உடனே தெரியும். அவள் தேட முடியாமல் தடுமாறாதபடி பெயர்களைச் சேர்த்துச் சொல்லுங்கள்: ஆதியாகமம் அங்கே தொடக்க நூல், சங்கீதம் திருப்பாடல்கள், அப்போஸ்தலர் நடபடிகள் திருத்தூதர் பணிகள், வெளிப்படுத்தின விசேஷம் திருவெளிப்பாடு. தோபித்து, மக்கபேயர் போன்ற இணைத்திருமுறை நூல்கள் அதில் உண்டு. அவற்றைக் கேலியாகப் பேச யாரையும் விடாதீர்கள். நம் சபைகள் அவற்றை ஏன் உபதேசத்துக்கு ஆதாரமாக எடுப்பதில்லை என்பதை அமைதியாகச் சொல்லலாம்.

ஐயாயிரத்தையும் ஒரே தடிமனான புத்தகத்தில் போட்டுவிடாதீர்கள். முதலில் குறிப்பே இல்லாத பெரிய எழுத்து வேதாகமம் ஒன்று, திருவிவிலியம் ஒன்று. அடுத்து வேதாகம அகராதி. ஊர், ஆள், அளவு, நாணயம் ஆகியவற்றுக்கு எந்தச் சபையாரும் சண்டையில்லாமல் பயன்படுத்தலாம். பிறகு, ஒரு சொல் எந்தெந்த வசனங்களில் வருகிறது என்று காட்டும் ஒத்தவாக்கிய அகராதி. மிச்சத்தில்தான் விளக்கவுரை வேதாகமம், அதுவும் உங்களிடம் ஏற்கெனவே இருப்பதிலிருந்து வேறு மரபைச் சேர்ந்ததாக. வாங்கும்போது ஆதியாகமம் 1-ஐத் திறந்து மேசையில் வையுங்கள். தானாக மூடிக்கொண்டால் பெரும்பாலும் வெறும் பசை பைண்டிங், ஒரு வருஷத்தில் தாள் உதிரும். முதுகை மேலிருந்து பாருங்கள், தையல் போட்ட பாரங்கள் (சேர்த்து மடித்து அச்சிட்ட பக்கக் கட்டுகள்) சிறு சிறு மடிப்புக் கட்டுகளாகத் தெரியும். பக்க எண்களைச் சட்டென்று ஓட்டிப் பாருங்கள். பதினாறு அல்லது முப்பத்திரண்டு பக்கம் மொத்தமாக விடுபட்டோ இரண்டு முறை வந்தோ இருந்தால் அது பாரம் மாறியது, அங்கேயே மாற்றிக்கொள்ளலாம். பின்பக்க எழுத்து வசனத்துக்கு ஊடே தெரியாமல் இருக்கிறதா என்று ஜன்னல் வெளிச்சத்தில் பாருங்கள். குறிப்பின் எழுத்து வசனத்தின் எழுத்தைவிடப் பெரிதாக இருக்கும் பதிப்பை நான் சிபாரிசு செய்வதில்லை.

பூஞ்சைக்கு வருகிறேன். காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் தாளில் பூஞ்சை வரும். மூடுபனி ஜன்னலுக்குள்ளேயே வரும் ஏற்காட்டில் மழைக்காலம் முழுக்க அப்படித்தான். முதல் எதிரி ஜிப் உறை. ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டிவிடும். சபையில் வைக்கும் பிரதிகளுக்கு அதைக் கழற்றிவிடுங்கள். அலமாரியை வெளிச்சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி வையுங்கள், புத்தகங்களை நெருக்கி அடுக்காதீர்கள், வாரம் ஒருமுறை வெயில் தெரியும் பகலில் கதவைத் திறந்து வையுங்கள். தட்டுக்கு இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலம். நிறம் மாறும் வகையாக வாங்கினால் எப்போது காயவைக்க வேண்டும் என்று தெரியும். ஏற்கெனவே பூஞ்சை பிடித்ததை முதலில் நிழலில் காற்றாட உலர்த்துங்கள். ஈரமாக இருக்கும்போது துடைத்தால் தாளுக்குள் தேய்ந்து இறங்கிவிடும். நன்றாகக் காய்ந்தபின் வெளியே எடுத்துப்போய், முகக்கவசம் போட்டுக்கொண்டு, மென்மையான பிரஷால் தட்டிவிடுங்கள். நேர் வெயிலில் மணிக்கணக்காகப் போட்டால் மெல்லிய தாள் மஞ்சளாகி அட்டை வளைந்துவிடும்.

இப்போது கையிலுள்ள இரண்டு விளக்கவுரை வேதாகமங்களையும் தூக்கிப்போட வேண்டாம். முன் உள்தாளில் ஒரு சீட்டு ஒட்டுங்கள். குறிப்புகளை எழுதியவர் பெயர், சபை மரபு, முதலில் வெளிவந்த ஆண்டு. அதன் கீழே எபிரெயர் 6, தானியேல் 9, வெளிப்படுத்தின விசேஷம் 20 ஆகிய மூன்று இடங்களிலும் எந்தப் பக்கம் நிற்கிறது என்று ஒவ்வொரு வரி. அந்தச் சீட்டை எழுதும் வேலையை, கேள்வி கேட்ட பையனிடமே கொடுங்கள்.